கிமோனோவின் நிறத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி கேட்டவரின் வீட்டில் ஒரு பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம் இருக்கிறது. அதில் ஒரு பெண் நிற்கிறாள். பழுப்பும் சாம்பலும் கலந்த கிமோனோ, கீழ்விளிம்பில் ஐரிஸ் பூக்கள், நடுவே துண்டு துண்டாகச் சில பலகைகள். இடுப்பில் கட்டும் ஓபியின் முடிச்சு முன்பக்கம். இணையத்தில் தேடியபோது ஒரு பட்டியல் கிடைத்ததாம்: சாம்பல் என்றால் துக்கம், ஐரிஸ் என்றால் தூய்மை, முன்முடிச்சு என்றால் கணிகை. மூன்றையும் கூட்டினால் துக்கத்தில் இருக்கும் தூய்மையான கணிகை என்று வருகிறதே, இது சரியா என்கிறார். அவர் கேட்பதன் உள்ளே இருக்கும் கேள்வி இன்னும் பெரியது. இந்தப் படங்களில் வரும் உடையை அகராதி வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படிக்க முடியுமா? டிசைனை ஓரளவு படிக்கலாம். உடுத்திய விதத்தைக் கவனமாகப் படிக்கலாம். நிறத்தை மட்டும் அப்படிப் படிக்கப் போனால் பெரும்பாலும் ஏமாந்துதான் போவோம்.

என் தொழில் பழைய தாள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது. பல வருடங்களாக ஜப்பானிய அச்சுகளும் என் மேசைக்கு வந்து போகின்றன. அதனால் இந்தப் பதிலில் சாயத்துக்கும் தாளுக்கும் கொஞ்சம் அதிகமாகவே இடம் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிறம். உகியோ-எ என்று சொல்லப்படும் இந்தப் படங்கள் ஒரே ஆள் செய்தவை கிடையாது. பதிப்பாளர் பணம் போடுவார், ஓவியர் வரைவார், ஒருவர் மலைச் செர்ரி மரப் பலகையில் செதுக்குவார், இன்னொருவர் தாளில் அச்சிடுவார். பொதுவாக ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. கோட்டுப் பலகையில் எடுத்த மாதிரித் தாள்களில் எந்த நிறம் எங்கே என்று ஓவியர் குறித்துக் கொடுப்பார். தலைமுடியின் இழைகளையும், திரும்பத் திரும்ப வரும் சிறு டிசைன்களையும் முழுவதும் வரையாமல் செதுக்குபவர் கையில் விட்டுவிடுவதும் உண்டு. படம் நன்றாக விற்றால் அதே பலகைகளில் மறுபடியும் அச்சிடுவார்கள். அப்போது விலையுயர்ந்த சாயத்துக்குப் பதில் மலிவானது வரும், ஒரு பலகை குறையும், நீலம் பச்சையாகும். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் ஒரே பெண் வேறு வேறு நிறக் கிமோனோவில் நிற்பது சாதாரணம். நிறத்துக்கு நிலையான ஒரு பொருள் இருந்திருந்தால் பதிப்பாளர்கள் இவ்வளவு சுலபமாக அதை மாற்றியிருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், இன்று நாம் பார்ப்பது அன்று அச்சிட்ட நிறம் இல்லை என்பது. 1765ல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், சுசுகி ஹாருனோபு வரைந்த நாட்காட்டிப் படங்களோடு பல வண்ண அச்சு தொடங்கியது. அதற்கு முன்பு கறுப்பு மட்டும், அல்லது கையால் பூசிய சிவப்பு, பிறகு ரோசாவும் பச்சையுமாக இரண்டு மூன்று நிறம். ஹாருனோபு காலத்து வண்ணங்களில் பல தாவரச் சாயங்கள். சிவப்பு குசும்பாப் பூவிலிருந்து வந்தது. மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கும் அரிதாரமும். அவுரி நீலம் இருந்தது. அதோடு ஒரு சிறு காட்டுப்பூவின் நீலமும் நிறையப் புழங்கியது. நம் வயல் வரப்பில் முளைக்கும் கானாவாழையின் இனத்தைச் சேர்ந்த செடிதான் அது. பூவின் சாற்றைத் தாளில் ஊறவைத்துக் காயப்போட்டு வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது அந்தத் தாளில் ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்தால் நீலம் இறங்கும். அருமையான நீலம், ஆனால் ஈரமும் ஆகாது வெளிச்சமும் ஆகாது. தண்ணீர் பட்டால் போய்விடும் என்பதாலேயே யூசென் முறையில் பட்டுக்குச் சாயமேற்றுகிறவர்கள் துணியில் முதல் கோடு வரைய இதே நீலத்தை வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் கழுவினால் கோடு தெரியாது. துணிக்காரருக்கு வசதியாக இருந்த அதே குணம் அச்சுப் படத்துக்குக் கேடாக முடிந்தது.

ஊதா நிறத்துக்குப் பெரும்பாலும் இந்த நீலத்தையும் குசும்பாச் சிவப்பையும் கலப்பார்கள். இரண்டுமே நிலைக்காதவை. நீலம் போனால் மங்கிய ரோசா மிஞ்சும், இரண்டும் போனால் மணலும் சாம்பலும் கலந்த ஏதோ ஒரு பழுப்பு. இப்போது உங்கள் படத்துக்கு வாருங்கள். அந்தக் 'துக்கச் சாம்பல்' ஒரு காலத்தில் பளிச்சென்ற ஊதாவாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உறுதியாகச் சொல்லவில்லை. திரையில் தெரியும் ஒரு புகைப்படத்தை வைத்து யாராலும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. படச்சட்டத்தின் விளிம்புக்கு அடியில் வெளிச்சம் படாமல் ஒளிந்திருந்த ஓரத்தைப் பாருங்கள், தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே நிறம் கொஞ்சம் அடர்த்தியாக மிஞ்சியிருந்தால் விஷயம் தெரிந்துவிடும். கையில் படம் வந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இந்த நிறங்கள் புதிதாக எப்படி இருந்தன என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்பால்டிங் என்ற அண்ணன் தம்பி இருவர் 1921ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள், ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அநியாயமான நிபந்தனை என்று தோன்றும். ஆனால் அதனால்தான் அந்த ஊதாக்களும் நீலங்களும் பிழைத்துக் கிடக்கின்றன. மின்வடிவில் அவற்றைப் பார்த்துவிட்டு, அதே படத்தின் வெளிறிய பிரதியைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு படங்களோ என்று சந்தேகம் வரும். ஜப்பானிய ரசனை என்றாலே அடக்கமான மண் நிறங்கள் என்று நம்மில் பலர் நினைப்பதற்கு வெயிலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

துக்கம் என்ற விளக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஹெய்யான் காலத்து அரசவையில், அதாவது ஆயிரம் வருடங்களுக்கு முன்பு, இறப்புக்குப் பிறகு மங்கிய சாம்பல் நிற உடை அணிவது உண்மை. ஆனால் இந்த அச்சுகள் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு எடோ நகரத்துச் சரக்கு. அங்கே துக்கத்துக்குப் பெரும்பாலும் வெள்ளை. கறுப்புத் துக்க உடை 1868ல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் மேற்கத்திய பழக்கத்தைப் பார்த்துப் பரவியது. எடோக்காரிக்குச் சாம்பல் நிறம் நாகரிகத்தின் உச்சம்.

அப்படி ஆனதற்கு ஆடம்பரத் தடைச் சட்டங்களும் ஒரு காரணம். 1683ல் நகர மக்களின் உடையில் தங்கச் சரிகை எம்பிராய்டரியும், துணி முழுக்கப் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் கனோகோவும் தடைசெய்யப்பட்டன. நம் சுங்குடியை இன்னும் நெருக்கமாக, இன்னும் பொடியாகப் பட்டில் செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உழைப்பு, அவ்வளவு விலை. அதன் பிறகும் தடைகள் அலையலையாக வந்துகொண்டே இருந்தன. வணிகர்கள் கையில் பணம் இருந்தது, காட்டத்தான் வழி இல்லை. பழுப்பிலும் சாம்பலிலும் நூறு வகை கண்டுபிடித்தார்கள். 'நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்' என்றே ஒரு வழக்கு உண்டு. வெளியே எலிநிறக் கிமோனோ, நடக்கும்போது விளிம்பு விலகினால் உள்ளே சிவப்பு லைனிங். படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டு உடைக் கையின் ஓரத்தையும் பாதத்தருகே மடங்கும் விளிம்பையும் பாருங்கள். பணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதன் தொடர்ச்சியாக ஒரு சர்ச்சையும் உண்டு. 1780களின் கடைசியிலிருந்து சில வருடங்கள், சிவப்பை வேண்டுமென்றே ஒதுக்கி ஊதா, சாம்பல், மஞ்சள், கறுப்பு மட்டும் வைத்து அச்சிட்ட படங்கள் வந்தன. எய்ஷி, ஷுன்மான் ஆகிய ஓவியர்கள் இதில் பேர்பெற்றவர்கள். அது கான்செய் சீர்திருத்தத்தின் சிக்கன ஆணைகள் நடந்த காலம் என்பதால் சட்டத்துக்குப் பயந்து சிவப்பை விட்டார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். காலம் பொருந்துகிறது, காரணம் அதுதான் என்று நிரூபணம் ஆகவில்லை. அந்த ஊதாவிலேயே குசும்பாச் சிவப்பு கலந்திருக்கிறது, வேலைப்பாடும் மலிவானது இல்லை. எனக்கு அது பயத்தைவிட ரசனையாகத்தான் படுகிறது. இது என் கருத்து, அவ்வளவுதான்.

அடுத்தது டிசைன். இங்கே நிலம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, ஏனென்றால் கோடுகள் வெளிறுவதில்லை. பருவத்தைச் சொல்லும் டிசைன்கள் தெளிவானவை: வசந்தத்துக்குச் செர்ரி, இலையுதிர் காலத்துக்கு மேப்பிளும் செவ்வந்தியும். உங்கள் படத்தின் ஐரிஸ் கோடைத் தொடக்கத்துப் பூ. ஆனால் நடுவே பலகைத் துண்டுகள் இருக்கின்றன என்றீர்களே, அதுதான் முக்கியம். ஐரிஸும் வளைந்து வளைந்து போகும் பலகைப் பாலமும் சேர்ந்தால் ஜப்பானிய வாசகருக்கு உடனே 'இசே மோனோகதாரி' என்ற பழைய கதையும் கவிதையும் கலந்த நூலில் வரும் யாத்சுஹாஷி, அதாவது எட்டுப் பாலம் நினைவுக்கு வரும். தலைநகரை விட்டுக் கிழக்கே போகும் ஒருவன், ஐரிஸ் பூத்த சதுப்பு நிலத்தில் உட்கார்ந்து, ஊரில் விட்டுவந்த மனைவியை எண்ணிப் பாடும் இடம். ஓவியர் ஒகாதா கோரின் பொன் மடிப்புத் திரையில் தீட்டியதும் இதே காட்சிதான். அவர் பிறந்த குடும்பம் கியோத்தோவில் கிமோனோத் துணி வியாபாரம் செய்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இலக்கியம், ஓவியம், துணிக்கடை மூன்றும் ஒரே தெருவில் இருந்தன. ஆகவே தூய்மை என்ற விளக்கத்தை விட்டுவிடலாம். அந்தக் கிமோனோவில் இருப்பது பருவமும், கவிதை தெரிந்தவர்களுக்கு ஒரு கண்சிமிட்டலும்.

எல்லா டிசைனிலும் இப்படிக் கவிதை தேட வேண்டாம். பல டிசைன்கள் சும்மா ஃபேஷன், அதுவும் நாடகக் கொட்டகையிலிருந்து வந்த ஃபேஷன். 1741ல் சானோகாவா இச்சிமாத்சு என்ற கபுகி நடிகர் கட்டம் போட்ட உடையில் மேடையேறினார். அந்தக் கட்டத்துக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. 2020 டோக்கியோ ஒலிம்பிக் சின்னத்தில் பார்த்தது அதன் வழிவந்ததுதான். 1809ல் ஐந்தாம் இவாய் ஹன்ஷிரோ, காதலுக்காகத் தீ வைத்த காய்கறிக் கடைக்காரர் மகள் ஓஷிச்சியாக நடித்தபோது சணல் இலை டிசைன் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அச்சுகளில் வரும் இளம்பெண்கள் பலருக்கும் சணல் இலைதான். பழுப்பில் பச்சை கலந்த ஒரு நிறம் பெண் வேடதாரியான இரண்டாம் செகாவா கிகுனோஜோவின் புனைபெயரால் ரோக்கோ பழுப்பு என்றே விற்றது. நடிகர்கள் ஆண்கள், அவர்கள் மேடையில் பெண்ணாக உடுத்தியதைப் பார்த்து நகரத்துப் பெண்கள் உடுத்தினார்கள், அதைப் பார்த்து ஓவியர்கள் வரைந்தார்கள். இதில் எது யாருடைய மனநிலையைக் காட்டுகிறது என்று கேட்டால் பதில் கிடையாது.

கோடு போட்ட கிமோனோவுக்கு ஒரு கிளைக்கதை இருக்கிறது, சென்னைக்காரர்களுக்குப் பிடிக்கும். போர்த்துகீசியரும் பிறகு டச்சுக்காரரும் சோழமண்டலக் கரையிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோன கோடு போட்ட பருத்தித் துணி அங்கே 'சான்தோமே' என்ற பெயரில் புழங்கியது. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் துறையின் பெயர்தான் அது. இறக்குமதிச் சரக்காக மதிப்போடு வந்ததை உள்ளூர் நெசவாளர்களும் பார்த்து நெய்ய ஆரம்பித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோடு போட்ட கிமோனோ எடோ நாகரிகத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஓவியர் உதாமரோவின் படங்களில் மெல்லிய நேர்கோட்டுக் கிமோனோவும் தலைமுடி எண்ணெய் படாமல் இருக்கக் கழுத்தில் வைத்துத் தைத்த கறுப்புப் பட்டுப் பட்டியுமாக ஒரு பெண் வந்தால், அநேகமாக அவள் நகரத்து நடுத்தரக் குடும்பத்துக்காரி.

முன்முடிச்சைப் பற்றி. கணிகையர் ஓபியை முன்பக்கம் கட்டினார்கள் என்பது உண்மை. முன்பக்கம் கட்டியவர்கள் எல்லாம் கணிகையர் என்பது உண்மை இல்லை. எடோ காலத்தின் (1603 முதல் 1868 வரை) முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் கல்யாணமான பெண்களும் முன்னால் கட்டியிருக்கிறார்கள், வயதான பெண்களிடம் அந்தப் பழக்கம் இன்னும் பின்னால் வரைக்கும் இருந்தது. எனவே முடிச்சை மட்டும் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். புருவம் மழித்து, பல்லுக்குக் கறுப்பு பூசியிருந்தால் குடும்பப் பெண்ணாக இருக்கலாம். கணிகையரும் பல்லைக் கறுப்பாக்கினார்கள், ஆனால் புருவத்தை விட்டுவைத்தார்கள். கொண்டையில் விசிறி விரித்த மாதிரி ஊசிகள், தரையில் புரளும் அடுக்கு உடைகள், பக்கத்தில் ஒரே மாதிரி உடுத்திய இரண்டு சிறுமிகள் என்றால் அவள் எடோவின் கணிகையர் பேட்டையான யோஷிவாராவின் உயர்நிலைக் கணிகை, சந்தேகம் வேண்டாம். உடைக் கை நீண்டு தொங்கும் ஃபுரிசோதே கிமோனோ பொதுவாகக் கல்யாணமாகாத இளம்பெண்ணுக்குரியது. பாட்டும் ஆட்டமும் தொழிலாகக் கொண்ட கெய்ஷாவுக்கு முடிச்சு பின்னால், தலையில் ஊசி குறைவு. இப்படி மூன்று நான்கு அடையாளங்கள் ஒரே பக்கம் கை காட்டினால் நம்பலாம், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

தனி ஆளை அடையாளம் காட்டுவதில் குலச் சின்னம் மற்ற எல்லாவற்றையும்விட உறுதியானது. 1793 வாக்கில் உதாமரோ வரைந்த 'இக்காலத்து மூன்று அழகிகள்' படத்தில் மூன்று முகங்களும் முதல் பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தவை. தேநீர்க்கடைப் பெண் ஒகிதாவைப் பவுலோனியா இலைச் சின்னம் காட்டிக்கொடுக்கிறது, ஓஹிசாவை ஓக் இலைச் சின்னம், பாட்டுக்காரி தோயோஹினாவைப் பிரிம்ரோஸ் பூ. அதே 1793ல் கணிகையரைத் தவிர மற்றப் பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று ஆணை வந்தது. பெயரைத் தடுத்தார்கள், கிமோனோவின் சின்னம் பெயரின் வேலையைச் செய்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இவற்றில் கணிசமானவை விளம்பரங்கள். 1770களின் நடுவில் தொடங்கி கோர்யூசாய் வரைந்த ஒரு தொடர் நூறு படங்களைத் தாண்டிப் போனது. யோஷிவாராக் கணிகையர் பெயரோடும் இல்லத்தின் பெயரோடும் புத்தம்புது டிசைனில் நிற்பார்கள். தொடரின் தலைப்பிலேயே புது டிசைன்களின் மாதிரி என்று போட்டிருக்கும். கடைசிக் காலத்தில் உதாமரோ வரைந்த கோடை உடைத் தொடரில் ஒவ்வொரு படத்திலும் ஒரு துணிக்கடையின் பெயரும் அது இறக்கியிருக்கும் டிசைனும் எழுதப்பட்டிருக்கின்றன. கிமோனோ டிசைன் மாதிரிப் புத்தகங்கள் 1660களிலிருந்தே அச்சாகி வந்தன. உகியோ-எவின் முன்னோடி மோரோனோபுவின் தந்தையே துணியில் எம்பிராய்டரியும் பொன் தகடும் பதிக்கும் தொழில்காரர். இந்த உலகத்தில் பெண்ணின் மனதுக்கும் உடைக்கும் இருந்த தொடர்பைவிட, உடைக்கும் கல்லாப் பெட்டிக்கும் இருந்த தொடர்பு நெருக்கமானது.

அதற்காக வேலைப்பாட்டைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. ஹாருனோபுவின் ஒரு படத்தில் பனி பெய்யும்போது ஒரே குடைக்குள் இருவர் நடக்கிறார்கள். ஆண் கறுப்பில், பெண் வெள்ளையில். நேராகப் பார்த்தால் பெண்ணின் உடை வெறும் தாள் போலத் தெரியும். தாளைச் சற்றுச் சாய்த்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விழவிட்டால் அந்த வெள்ளைக்குள் டிசைன் எழும்பி வரும். மையே இல்லாமல் பலகையில் வைத்து அழுத்தி எடுத்தது அது. கறுப்புக் கிமோனோவிலும் இப்படி ஒரு வேலை உண்டு: அச்சிட்ட கறுப்பைப் பலகையின் மேல் வைத்து முன்பக்கமாகவே தேய்த்து, கறுப்பின் மேல் மினுமினுப்பான கறுப்பு டிசைன் வரவழைப்பார்கள். புகைப்படத்தில் இவை எதுவும் தெரியாது. கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் தெரியாது. உங்கள் படத்தை வெளியே எடுக்க முடிந்தால் ஐரிஸ் இதழ்களின் மேல் இப்படிச் சாய்த்துப் பாருங்கள். விரலால் தடவிப் பார்க்காதீர்கள்.

இன்னொரு விசித்திரம், டிசைன் துணியின் மடிப்போடு மடங்காமல் நேராக ஓடுவது. முழங்கால் வளைவதும் துணி சுருங்குவதும் கோட்டில் தெரியும், ஆனால் கட்டங்கள் மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் விரித்த துணியில் இருப்பதுபோல் போகும். தெரியாமல் செய்தது என்று சொல்ல மாட்டேன். மடிப்போடு சேர்த்து வளைத்த படங்களும் அதே ஓவியர்களிடம் இருக்கின்றன. பார்ப்பவருக்கு டிசைன் முழுசாகத் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

பிற்காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1830 வாக்கில் இறக்குமதிப் பிரஷ்ய நீலம் பரவியது, அது எளிதில் வெளிறாது. எய்சென், குனிசாதா படங்களில் கிமோனோவின் நீலம் இன்றும் கணீரென்று இருப்பது அதனால்தான். 1842ல் கணிகையர், கெய்ஷாக்கள், நடிகர்கள் படங்களுக்கே தடை வந்து சில வருடம் எல்லாம் அடங்கியிருந்தது. மெய்ஜி காலத்தில் ரசாயனச் சாயங்கள் வந்தன. கண்ணைக் குத்தும் சிவப்பும் ஊதாவும் இருந்தால் அந்தக் காலம் என்று ஊகிக்கலாம். அதற்கும் பிறகு 1916ல் இத்தோ ஷின்சுய் வரைந்த 'கண்ணாடி முன்' படத்தில் பெண் அணிந்திருக்கும் சிவப்பு உள்ளாடை வேறு விஷயம். அங்கே ஓவியரும் பதிப்பாளரும் அந்த ஒரு சிவப்பை நம்பித்தான் படத்தையே நிறுத்தியிருக்கிறார்கள். நிறத்துக்கு மனநிலை தேடுவது இந்தப் படங்களில் ஓரளவு நியாயம்.

அதனால் உங்கள் படம் எந்தக் காலத்தது என்பது முதலில் தெரிய வேண்டும். ஓவியர் கையெழுத்துக்குப் பக்கத்திலோ ஓரத்திலோ சிறிய வட்ட முத்திரை இருக்கிறதா பாருங்கள். 'கிவாமே' என்ற ஒற்றை எழுத்து தணிக்கை முத்திரை 1790லிருந்து 1842 வரை புழங்கியது. அதன் பிறகு சில வருடங்கள் தணிக்கை அதிகாரிகளின் பெயர் முத்திரைகள், முதலில் ஒன்று, 1847 வாக்கிலிருந்து இரண்டு. பிற்கால மறுஅச்சுகளில் முத்திரையையும் சேர்த்தே செதுக்கிவிடுவார்கள் என்பதால் இது மட்டும் போதாது, தாளையும் பார்க்க வேண்டும். முத்திரை, கையெழுத்து, பெண்ணின் புருவம், தாளின் பின்பக்கம் நான்கையும் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். அதுவரை படத்தை ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவரில் மாட்ட வேண்டாம்.